கூமுனை வில்லில் அலகுகள் செய்யும் வேலை

நத்தைகுத்தி நாரை அலகை முழுக்க மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரியும். மேலலகும் கீழலகும் அடியிலும் நுனியிலும் மட்டுமே தொடும். இடையில் வளைந்த ஓர் இடைவெளி. நெடுங்காலம் அந்த இடைவெளியைப் பாக்குவெட்டி என்றே பலர் எண்ணினார்கள். நத்தையை அதற்குள் வைத்து நெரித்து ஓட்டை உடைக்கிறது என்று எழுதியும் வைத்தார்கள். பொறுமையாக நின்று பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. நாரை நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடிக்கிறது. கீழலகின் நுனி ஒரு பக்கமாகச் சற்றே திருகியிருக்கும். அந்த நுனியை ஓட்டு வாயின் மூடிக்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுக்கிறது. பிறகு தலையை ஓர் உதறு உதறும். சதை முழுசாக வெளியே வரும். ஓடு பெரும்பாலும் உடையாமல் சேற்றிலேயே கிடக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே இவ்வளவும் நடந்து முடிவதால்தான் அத்தனை காலம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொன்று: குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. நேரான, ஒட்டிய அலகோடுதான் அது பிறக்கிறது. வளர வளரத்தான் அலகு விலகுகிறது.

இந்த வேலையைப் பார்க்க எங்களூர்க்காரர் தூரம் போகவேண்டியதில்லை. காரைதீவிலிருந்து அம்பாறைக்குத் திரும்பும் வீதியில் மாவடிப்பள்ளித் தாம்போதிக்குப் போனால் இரண்டு பக்கமும் வயல்தான். எங்கள் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்லோயா, சேனநாயக்க சமுத்திரத்தில் தங்கி, வாய்க்கால்களாகப் பிரிந்து எங்கள் பக்கத்து வட்டைகளுக்கு வருகிறது. உழவு இயந்திரம் சேறடிக்கும் நாட்களில் அதன் பின்னாலேயே மாட்டுக்கொக்குகள் நடக்கும். வரம்போரம் மடையான் குந்தியிருக்கும். கொஞ்சம் தள்ளி அரிவாள் மூக்கன் கூட்டம். அதற்குள் நாலைந்து நத்தைகுத்தி. வீதியால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. கொக்குத்தானே என்று போய்விடுகிறார்கள். அந்தக் 'கொக்குத்தானே'யைக் கடந்த பிறகுதான் ரசனை தொடங்குகிறது.

பறவை பார்த்தலை நான் ஒரு கலையாகவே எண்ணுகிறேன். எத்தனை இனம் கண்டீர்கள் என்று முதலில் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சு நீளுவதில்லை. பட்டியல் வேண்டியதுதான்; அது கணக்குக்கு உதவும், பாதுகாப்புக்கு உதவும். ஆனால் ஒரு பறவை தன் தொழிலைத் தொடங்கி முடிப்பதை இடையில் கண்ணெடுக்காமல் ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த இனத்தைப் பார்க்கும் கண்ணே வேறு. கச்சேரியில் ராகத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர், அந்த ஆலாபனை எப்படி விரிந்தது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர். இரண்டாமவராக ஆகவே எனக்கு ஆசை.

இதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்தவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பழந்தமிழ் இசையைக் கணக்கு வைத்து ஆராய்ந்தவர். மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் எழும் ஒலியை ஊர் 'மீன் பாடுகிறது' என்று சொல்லிக் கடந்து போனது. அவர் அதற்குக் காது கொடுத்து, நீரரமகளிர் இன்னிசைப் பாடல் ஆக்கினார். துறவியின் அடக்கமும் விஞ்ஞானியின் கவனமும் ஒரே ஆளிடம் கூடியிருந்ததால் வந்த பேறு அது. வயலோரம் பைனாகுலரோடு நிற்கிறவனுக்கும் அந்த இரண்டுமே வேண்டும்.

வயலில் பழகிய கண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டிய இடம் தெற்கே இருக்கிறது. குமண தேசியப் பூங்கா; எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் வாயில் கூமுனை. நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று கடலும் களப்பும் மாறி மாறித் துணைக்கு வர, பொத்துவிலோடு பெரிய ஊர்கள் முடிகின்றன. அறுகம்குடாவில் உலகமெங்கும் இருந்து வந்தவர்கள் அலையில் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் பாணமை, பிறகு உகந்தை. அங்கேதான் பூங்காவின் வாசல்.

வழியில் பொத்துவில் களப்பில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது நல்லது. மீன்பிடிக்கும் சகோதரர்கள் சிறு தோணியில் கண்டல் மரங்களின் ஓரமாகக் கூட்டிப்போவார்கள். அப்படிப் போன ஒரு விடியலில், சேற்றுத் திட்டில் நின்ற செந்நாரை ஒன்றை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு, "காக்கா, கொஞ்சம் கிட்டப் போவமா?" என்று தோணிக்காரரிடம் கேட்டேன். அவர் தடியை ஊன்றி நிறுத்திவிட்டார். "வேணாம் தம்பி. நாம போனா அது போயிரும். நாம நிண்டா அது வரும்." நின்றோம். செந்நாரை கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது, பிறகு மறந்துவிட்டது. ஒரு கால் எடுத்து வைக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் பலமுறை மூச்சு விட்டிருப்பேன். ஒவ்வோர் அடிக்கும் விரல்களைக் குவித்துத் தண்ணீரிலிருந்து எடுத்து, விரித்து, ஓசையில்லாமல் இறக்கியது. எங்கள் தோணிக்குப் பக்கத்திலேயே மீனைப் பிடித்தது. களப்பில் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தப் பொறுமை யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பறவை நூல் எழுதும் எவரும் முதலில் அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

பொத்துவிலிலிருந்து மொனராகலைப் பக்கம் திரும்பினால் லகுகல. 1980இல் தேசியப் பூங்காவான இடம், மிகச் சிறியது. குளத்தில் உயர்ந்து வளரும் புல்லுக்காக யானைகள் கூட்டமாக வரும். யானை பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகட்டும். நாம் பாணமை வழியே போவோம்.

பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் குடும்பிகல என்ற பழைய பௌத்த வனவாசம் இருக்கிறது. காட்டுக்குள் நடந்து, பாறையில் செதுக்கிய படிகளில் ஏறவேண்டும். பிக்குகள் தங்கிய குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய விளிம்பு இன்றும் தெளிவாக இருக்கிறது. சிலவற்றில் பிராமி எழுத்தும் உண்டு. உச்சியில் நின்றால் கிழக்கே கடல், மற்றத் திசையெல்லாம் காடு, காட்டுக்கு நடுவே பாறைக் குன்றுகள். கழுகு, பருந்து வகைகளை நமக்குக் கீழே பறக்கும் நிலையில் பார்க்கலாம். சிறகின் மேற்பக்க நிறத்தை நிலத்தில் நிற்பவர் காண்பது அரிது. இங்கே அது முழுசாகக் கிடைக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். பாறை சூடேறினால் வெறுங்காலோடு நிற்க முடியாது.

பூங்காவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1938இல் பறவைச் சரணாலயம். 1970இல் யால கிழக்கு என்ற பெயரில் தேசியப் பூங்கா. போரினால் 1985இலிருந்து 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2004 டிசம்பர் 26இல் எங்களூரை அள்ளிக்கொண்டு போன அதே கடல் இந்தக் கரையிலும் ஏறியது. 2006இல் பூங்காவின் பெயர் குமண என்று மாறியது. 2010இல் இங்குள்ள ஈரநிலத் தொகுதி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 35,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் இது. குளமும் களப்புமாக இருபதளவில் நீர்நிலைகள், பெரும்பாலும் ஆழமற்றவை. ஆழமில்லாததுதான் இவற்றின் செல்வம். கால் ஊன்றி நிற்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நாரைகளுக்கு இடம் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் நடு நாயகம் கூமுனை வில்லு என்ற நீர்நிலை. ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்பு. ஊவா மலைப்பக்கத்திலிருந்து மொனராகலை மாவட்டம் வழியாக வரும் கும்புக்கன் ஆறு ஒரு குறுகிய கால்வாயால் இதற்கு நீர் ஊட்டுகிறது. எப்போதாவது கடல்நீரும் உள்ளே புகும். நீருக்குள்ளேயே கண்டல் மரங்கள் நிற்கின்றன. மே, ஜூன் மாதங்களில் அந்த மரங்கள் முழுக்கக் கூடு. எங்களூர்க் கண்ணகை அம்மனுக்கு வைகாசிக் குளிர்த்தி நடக்கும் பருவம் என்று நான் நினைவு வைத்துக்கொள்வது. மழையெல்லாம் ஓய்ந்து வெயில் ஏறும் காலத்தில் இவை ஏன் குஞ்சு பொரிக்கின்றன என்று கேட்கத் தோன்றும். கார்த்திகை, மார்கழி மழையில் குளங்கள் நிறைந்து பரந்து கிடக்கும்போது மீனும் பரந்து கிடக்கிறது. தண்ணீர் வற்ற வற்ற அதே மீன் சிறு இடத்துக்குள் நெருங்குகிறது. நாலைந்து வாய்க்கு இரை தேடவேண்டிய தாய்க்கும் தந்தைக்கும் நெருங்கிய மீன்தான் வேண்டும். வறட்சி என்று நாம் வருந்தும் வாரங்கள் அவற்றுக்கு அறுவடைக் காலம்.

வில்லுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தினால் முதலில் செய்யவேண்டியது இயந்திரத்தை அணைக்கச் சொல்வது. பூங்காவுக்குள் அனுமதித்த இடங்களில் அல்லாமல் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. ஆகவே வாகனமே நம் மறைவிடம். கொஞ்ச நேரத்தில் காது திறக்கும். குஞ்சுகளின் இரைச்சல்தான் முதலில் கேட்கும், கரகரப்பாக, ஓயாமல். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் ஏறக்குறைய இல்லை. துணை கூட்டுக்குத் திரும்பும்போது அலகை அலகோடு தட்டிக் கடகடவென்று ஒலியெழுப்பும். அதுதான் அவற்றின் பேச்சு. காற்று திரும்பினால் எச்சமும் மீனும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். மூக்கைப் பொத்தவேண்டாம், சற்று நேரத்தில் பழகிவிடும். அந்த எச்சம் கீழே நீரில் கரைந்து, புழுவாகி, மீனாகி, மறுபடி மேலே போகிறது.

இப்போது அலகுகளைப் பாருங்கள். சங்குவளை நாரை முழங்கால் நீரில் நிற்கிறது. மஞ்சள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் மெல்ல வீசுகிறது. கண்ணால் அது தேடுவதில்லை. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையும் இல்லை. ஒரு காலால் அடிச்சேற்றைக் கிளறுகிறது. மிரண்ட மீன் திறந்த அலகின் உட்பக்கத்தில் பட்ட கணமே அலகு மூடிவிடுகிறது. தொடுகையை உணர்ந்து மூடும் அந்த வேகத்தை நம் கண் பிடிக்காது. மீன் உள்ளே போன பிறகுதான் நடந்தது புரியும்.

அதற்குப் பக்கத்திலேயே கரண்டிவாயன். இதுவும் தொட்டுப் பிடிக்கும் ஆள்தான், ஆனால் வீச்சே வேறு. தட்டையான நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தலையை வட்டத்தின் ஒரு பகுதியாகச் சுழற்றிக்கொண்டே முன்னேறும். நாலைந்து சேர்ந்தால் வரிசையாக நடக்கும். சங்குவளை நாரை மெல்ல அடியெடுத்து வைத்து வேலை செய்கிறது. கரண்டிவாயன் விடாமல் நடந்துகொண்டே வேலை செய்கிறது. ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில், அடுத்தடுத்து நின்று இரண்டும் சண்டையில்லாமல் பசியாறுவதற்கு இந்த வேறுபாடே போதும். அரிவாள் மூக்கனின் வளைந்த அலகு சேற்றுக்குள்ளேயே இறங்கி நண்டையும் புழுவையும் தேடுகிறது. நத்தையைப் பற்றி மற்றவை அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அது நத்தைகுத்தியின் தனித்துறை.

ஆழம் கொஞ்சம் கூடிய இடத்தில் பாம்புத்தாரா. கழுத்து மட்டும் வெளியே தெரியும். பெரும்பாலான நீர்ப்பறவைகளின் இறகில் நீர் ஒட்டாது. இதன் இறகு நனையும். நனைவதால் உடல் கனத்து, சத்தமில்லாமல் கீழே அமிழ முடிகிறது. கழுத்தெலும்பில் ஒரு மடிப்பு இருக்கிறது. அதை மடக்கி வைத்திருந்து திடீரென்று நீட்டி மீனைக் குத்துகிறது. குத்திய மீனை மேலே கொண்டுவந்து, உதறிக் காற்றில் எறிந்து, தலை முதலில் வரும்படி வாங்கி விழுங்குகிறது. பிறகு ஒரு பட்டுப்போன கிளையில் ஏறிச் சிறகை விரித்துக் காய வைக்கும். அப்படிச் சிறகு விரித்து நிற்கும் பறவையைப் படம் எடுக்காத ஆள் இல்லை. அது எதற்காக அப்படி நிற்கிறது என்று தெரிந்து எடுத்தால் படமும் நன்றாக வரும்.

கூழைக்கடாவைப் பற்றி நீளமாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். பை நிறைய நீரோடு மீனை அள்ளிய பிறகு அது உடனே விழுங்குவதில்லை. அலகை மார்போடு சேர்த்துச் சாய்த்து, நீரை முழுக்க வடியவிட்டுத்தான் தலையை உயர்த்தும். இவ்வளவு பாரமான பறவை அந்த வேலையில் காட்டும் நிதானம் எனக்கு எப்போதும் மரியாதையை உண்டாக்குகிறது. கண்டல் சூழ்ந்த நீரில் மற்றவை பரபரக்கும்போது, அது தன் வேலையைத் தன் நேரத்தில் முடிக்கிறது.

கூடுகளும் கண்ட இடத்தில் கட்டப்பட்டவை அல்ல. பெரிய உடம்புக்காரர்களான நாரையும் கூழைக்கடாவும் மர உச்சியில். நடுக்கிளைகளில் கொக்குகளும் இராக்கொக்கும் நீர்க்காகமும். கீழே தண்ணீரில் முதலை கிடக்கும்; தவறி விழும் குஞ்சு அதற்கு. அந்த முதலையால்தான் மரமேறும் கள்ளர்கள் நீந்தி வந்து முட்டை திருடுவது குறைகிறது. நண்பகல் வெயிலில் ஒரு காட்சியைத் தவறவிடக் கூடாது. சங்குவளை நாரை கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று சிறகை அகல விரிக்கும். குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நகரும். சூரியன் நகர, தாயும் நின்ற இடத்தை மாற்றிக்கொள்ளும். துணை திரும்பி வரும்வரை அது இரை தேடப் போவதில்லை. சில வேளை தொண்டையில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் கொப்பளிக்கும். சிறுத்தையைத் தேடிப் பாதை பாதையாய் ஓடும் வாகனங்கள் இந்த ஒரு மணி நேரத்தை எப்படித் தாண்டிப் போகின்றன என்பது எனக்கு விளங்குவதே இல்லை.

அரிய பறவை வேண்டுமென்றால் கருங்கழுத்து நாரை இருக்கிறது. இலங்கை முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியிருக்கும் இனம். இந்தத் தென்கிழக்குக் கரைதான் அதன் புகலிடம். செம்பவளக் காலும் பச்சை, ஊதா மினுங்கும் கழுத்துமாக, ஆளின் நெஞ்சளவு உயரத்தில் அது நடந்து வந்தால், பக்கத்தில் நிற்கும் கொக்குகள் ஒதுங்கி வழி விடும். ஒன்றைக் கண்டால் நம் அதிர்ஷ்டம். காணாவிட்டாலும் நாள் வீணல்ல.

ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூல் இந்த ரசனையை நாட்டில் பலருக்கு ஊட்டியது. படங்களையும் அவரே வரைந்தார். ஒவ்வொரு பறவையின் நடையையும் பழக்கத்தையும் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், கூண்டில் வைத்துப் பார்த்து எழுதியதல்ல, வெயிலில் நின்று எழுதியது என்று தெரியும். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய களப் பறவையியல் குழு பிறகு தலைமுறை தலைமுறையாக இளைஞர்களைக் களத்துக்குக் கூட்டிப் போனது. எங்கள் கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு வரவேண்டும். அவர்கள் கையில் தமிழில் நல்ல கைநூல் இருக்கவேண்டும், தங்கள் ஊர்ப் பெயர்களோடு.

கூமுனையைக் காலால் அறிந்தவர்கள் கதிர்காமத்துக்குப் போகும் யாத்திரிகர்கள். வழக்கமாக நடந்து போக இடமில்லாத இந்தக் காட்டில், ஆடி வேல் விழாவை ஒட்டி உகந்தை முருகன் கோவிலிலிருந்து காட்டுப்பாதை திறக்கப்படும். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கடலோரமாகவே நடந்து வருகிறவர்களும் அதில் சேர்வார்கள். குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று பாதையின் தங்குமிடப் பெயர்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். இருட்டோடு எழுந்து நடந்து, மணல் சுடத் தொடங்கும்போது மர நிழலில் ஒதுங்கி, பின்னேரம் மறுபடி நடப்பார்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எல்லாரும் சாமிதான்.

அந்தப் பாதையில் நடப்பது ஜீப்பில் போவதற்கு நேர்மாறான அனுபவம். பாலைப்பழக் காலம் அது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பழத்தைப் பொறுக்கித் தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் அது பிடித்த பழம் என்பதால் பொறுக்குகிறவர்கள் சுற்றிலும் ஒரு கண் வைத்திருப்பார்கள். வீரைப்பழம் சிவந்திருக்கும். இருவாச்சி அந்தப் பழத்துக்குத்தான் வரும். அதன் சிறகடி ஓசை பறவை தெரியுமுன்பே தலைக்கு மேல் கேட்கும். ஒரு முறை ஆற்று மணலில் ஊற்றுத் தோண்ட இடம் தேடிக்கொண்டிருந்தோம். கூட வந்த வயதான அம்மா ஒருவர் கையை நீட்டி, "சாமி, கொக்கு இறங்கிற பக்கம் பாருங்க. தண்ணி அங்கதான் கிடக்கு" என்றார். அவர் சொன்ன வளைவில் முழங்கை ஆழம் தோண்டியதும் நீர் ஊறியது. பறவை நூல் எதுவும் படித்தவர் இல்லை அவர். வருடா வருடம் நடந்து, நீர் எங்கே என்பதைப் பறவைகளிடம் கேட்டுப் பழகியவர்.

அதே பாதையில்தான் மனம் கனக்கிறது. இப்போது ஆயிரக்கணக்கில் மக்கள் நடக்கிறார்கள். தங்குமிடங்களின் ஓரத்தில் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் உறை, சோறு கட்டிய பொலித்தீன். முருகன் பேரைச் சொல்லி நடக்கிற நாம் வள்ளியின் காட்டில் இதை விட்டுவிட்டு வரக்கூடாது. கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வருவதற்கு ஒரு துணிப்பை போதும். காட்டு விலங்குக்குப் பொலித்தீன் என்ன செய்யும் என்பதை அறிய நாங்கள் கூமுனை வரைக்கும் போகத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள ஊர்களின் குப்பை கொட்டப்படும் இடத்தில், எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. இறந்தவற்றின் வயிற்றிலிருந்து கடைப் பையும் உணவு உறையும் எடுத்தார்கள். கடையில் வாங்கிய சாமானோடு எங்கள் வீட்டுக்கு வந்த அதே பைகள்.

இன்னொரு கவலை நீரைப் பற்றியது. வில்லைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்தால் மட்டும் வில்லு பிழைக்காது. கும்புக்கன் ஆற்றில் மேலே நீர் குறைந்தால் கீழே கூடுகள் வெறுமையாகும். கூட்டிலிருந்து பறக்கத் தொடங்கும் இளம் நாரைகள் பூங்காவின் எல்லையை அறியாதவை. மழைக்காலத்தில் கரையோரம் முழுக்கச் சிதறி எங்கள் வயல்களிலும் தோணாக்களிலும் களப்போரங்களிலும் மேய்கின்றன. அங்கே வரம்புக்கு வரம்பு நஞ்சு தெளித்திருந்தால், தாழ்நிலத்தை மண்போட்டு நிரப்பியிருந்தால், கூமுனையில் பொரித்த குஞ்சு கல்முனையில் பட்டினி கிடக்கும். தாழ்நிலம் தண்ணீர் தங்கும் இடம். 2024 நவம்பர் வெள்ளம் மாவடிப்பள்ளியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கொண்டு போனதற்குப் பிறகு, தண்ணீருக்கு இடம் விடுவதைப் பறவைக்காரரின் ஆசை என்று யாரும் ஒதுக்கக் கூடாது.

தமிழ்நாட்டு வேடந்தாங்கல் ஊரார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று அன்றைய ஆட்சியிடம் உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் வயல் செழிக்கும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அங்கே சரணாலயத்துக்கு முதல் காவலர்கள் விவசாயிகள். எங்கள் பக்கத்து வயல் உடைமையாளரான போடியார்களுக்கும் கொக்கும் நாரையும் வயலின் வேலையாட்கள் என்பது தெரியாததல்ல. நத்தையையும் நண்டையும் வெட்டுக்கிளியையும் கூலியில்லாமல் பொறுக்குகின்றன. உள்ளான் சுடுகிற பழக்கமும் கண்ணி வைக்கிற பழக்கமும் குறைய, அதை அவர்களே முன்னின்று சொல்லவேண்டும். திணைக்களத்தின் அறிவித்தல் பலகை சொல்வதைவிட ஒரு போடியார் சொல்வதற்கு ஊரில் மதிப்பு அதிகம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கூடு பார்க்க வைகாசி, ஆனி. வடக்கிலிருந்து வரும் கருவால் மூக்கன், ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகளுக்கு மார்கழியிலிருந்து மாசி வரை. எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். விடியுமுன் மூன்று மணிக்குக் காரைதீவில் புறப்பட்டால் வாசல் திறக்கும் நேரத்துக்கு உகந்தையில் நிற்கலாம். வாகனத்தைப் பாணமையிலோ அறுகம்குடாவிலோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை தேவையில்லை, வில்லில் இரண்டு மணி நேரம் இயந்திரத்தை அணைத்து நிற்கவேண்டும் என்று சாரதியிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். முதலில் வியப்பார், பிறகு அவரும் பார்க்கத் தொடங்குவார். பிள்ளைகள் வந்தால் ஆளுக்கு ஒரு பறவையைப் பிரித்துக் கொடுங்கள், அது இரை பிடிப்பதை முழுக்கப் பார்த்துச் சொல்லும்படி. திரும்பும்போது கும்புக்கன் ஆற்றங்கரைக்கும் போங்கள். அங்கே பெரிய மருத மரங்களில் மீன் ஆந்தை பகலில் தூங்கும். எந்த மரம், எந்தக் கிளை என்று வழிகாட்டியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.